மீள்திறன் என்ற சொல்லும் இடுப்பில் ஏறிய குடமும்

'மீள்திறன்' என்றொரு சொல் சில வருஷங்களாக நகரத் திட்டங்களிலும் குடிநீர் வாரியக் கருத்தரங்குகளிலும் தொண்டு நிறுவன அறிக்கைகளிலும் புழங்கிக்கொண்டிருக்கிறது. ரெசிலியன்ஸ் என்பதன் மொழிபெயர்ப்பு. சிலர் 'தாங்குதிறன்' என்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பது தமிழ் தெரிந்த யாருக்கும் சொல்லாமலே விளங்கும். மீள்பவர் திரும்பி வருகிறார். தாங்குபவர் அங்கேயே நிற்கிறார், தலையில் சுமையோடு. ஒரே மூலச்சொல்லுக்கு இப்படி இரண்டு தமிழ் வந்து விழுந்தது தற்செயல்தான் என்றாலும், அந்தச் சொல் எதை மறைக்கிறது என்பதை இந்தத் தற்செயல் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தமிழ் எம்.ஏ. படித்தவளுக்குக் குழாயடியில் என்ன வேலை, அதற்குத்தான் இஞ்சினியர்கள் இருக்கிறார்களே என்று நண்பர்கள் கேட்கலாம். குழாயடி வரிசையில் எம்.ஏ.க்காரிகளைப் பார்க்கலாம், இஞ்சினியர்களைத்தான் பார்க்க முடியாது என்பது என் பதில்.

சொல்லின் வம்சாவளியைக் கொஞ்சம் பார்ப்போம். முதலில் இது இரும்புக்கும் மரத்துக்கும் உரிய சொல். வளைத்துவிட்டால் பழையபடி நிமிரும் குணம். 1973ல் கனடா நாட்டுச் சூழலியலாளர் ஹாலிங் இதைக் காடுகளுக்கும் ஏரிகளுக்கும் கொண்டுவந்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று ஊசியிலைக் காடு. பல வருஷங்களுக்கொருமுறை ஒருவகைப் புழு பெருகி பால்சம் மரங்களைத் தின்று தீர்க்கிறது. மரங்கள் கூட்டங்கூட்டமாகச் சாகின்றன. காடு அழிவதில்லை. மரம் சாவதும் கன்று முளைப்பதும் சேர்ந்ததுதான் அந்தக் காடு, ஆகவே அதற்கு மீள்திறன் உண்டு என்றார் ஹாலிங். அறிவியலாக இதில் குற்றம் காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த வாக்கியத்தின் எழுவாயைப் பாருங்கள். மீள்வது காடு. செத்த மரம் மீளவில்லை, அது கணக்கிலும் இல்லை. காட்டைப் பற்றிப் பேசும்வரை சரி. இதே இலக்கணத்தோடு சொல்லை நகரத்துக்கு இழுத்துவந்து, நகரம் மீண்டது, வாரியம் மீண்டது என்று எழுதும்போது செத்த மரத்தின் இடத்தில் யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. ஃபூக்கோவைத் துணைக்கு அழைக்காமலே கேட்டுவிடலாம்.

ராக்ஃபெல்லர் அறக்கட்டளை 'மீள்திறன் கொண்ட நூறு நகரங்கள்' என்றொரு திட்டம் நடத்தியது. 2014 டிசம்பரில் அதில் சென்னை சேர்க்கப்பட்டது. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2015 டிசம்பரில், ஊரே வெள்ளத்தில் மிதந்தது. சென்னைக்கான மீள்திறன் ஆவணம் வெளிவந்தது 2019 ஜூன் மாதம். அந்த மாதம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளிலும் சேர்ந்து கொள்ளளவில் ஒரு சதவீதம்கூடத் தண்ணீர் இல்லை. அடுத்த மாதம் அந்த நூறு நகரத் திட்டமே மூடப்பட்டது. மீள்திறன் திட்டத்துக்கே மீள்திறன் இல்லாமல் போனது என்று கேலி செய்துவிட்டு நகர்ந்துவிடலாம். அது சுலபம். ஆவணம் அப்படியொன்றும் அலட்சியமாக எழுதப்பட்டதல்ல. தண்ணீருக்கு ஒரு பகுதி, விளிம்புநிலை மக்களுக்கு ஒரு பகுதி என்று அக்கறையோடுதான் பிரித்திருக்கிறார்கள். என் சண்டை அந்தப் பிரிப்போடுதான். இரண்டாவது பகுதியில் பரிதாபத்துக்குரியவர்களாக வருகிற ஜனங்கள்தான் முதல் பகுதியில் பேசப்படும் நீர் வழங்கலின் கடைசிக் குழாய். குழாய் முடிகிற இடத்திலிருந்து அவர்கள் தொடங்குகிறார்கள். இதைப் பார்க்காமல் ஒரு குடிநீர் வாரியத்தின் வரைபடத்தை எப்படி வரைய முடியும்?

2019 கோடையை வாரியம் எப்படிச் சமாளித்தது என்று கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு ஏறக்குறைய 83 கோடி லிட்டர் கொடுத்துவந்த வாரியம் அதை 52.5 கோடி லிட்டராகக் குறைத்தது. குறைந்தது 30.5 கோடி லிட்டர். ஒரு பிளாஸ்டிக் குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால் தினமும் இரண்டு கோடிக் குடம். இந்த இரண்டு கோடிக் குடமும் அப்படியே இடுப்பில் ஏறியது என்று நான் சொல்லவரவில்லை. எத்தனையோ குடம் குளிக்காமல், துவைக்காமல், சமைக்காமல் கழிந்தது. கொஞ்சம் கேன் தண்ணியாக, காசாக மாறியது. ஓ.எம்.ஆர். சாலைக் கம்பெனிகள் சில வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்று ஊழியர்களுக்குச் சொன்னபோது அலுவலகக் கழிப்பறைத் தண்ணீர் வீட்டுக் கணக்குக்கு மாறியது. ஆனால் மிச்சம் ஏறியது பெண்களின் இடுப்பில்தான். லாரி எப்போது வரும் என்று தெரியாமல் ராத்திரி பதினோரு மணிக்கும் விடியற்காலை மூன்று மணிக்கும் குடத்தை வரிசையில் போட்டுவிட்டுத் தெருவில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? வேலைக்கு லேட்டாகப் போய் வீட்டுக்காரம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள் யார்? பள்ளிக்கூடம் போகாமல் தங்கிவிட்ட பெண் பிள்ளைகள் யார்? சேமிப்புத் தொட்டி இல்லாத வாரியத்துக்கு அவர்களுடைய நேரம்தான் சேமிப்புத் தொட்டி. மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும். அடிபம்பை அடிக்கிற கை நிற்காது. இதைத்தான் ஆவணங்களில் 'சமாளிக்கும் உத்தி' என்று எழுதுகிறார்கள். உத்தியாம். கூலி என்று எழுதியிருந்தால் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

வாரிய இஞ்சினியர்களை வில்லன்களாக்குவது என் நோக்கமல்ல. காய்ந்த ஏரிகளை வைத்துக்கொண்டு, கல்குவாரிக் குட்டையில் தேங்கிய நீரைச் சுத்திகரித்து, மழை வரும்வரை ஊரை ஓட்டியது லேசான காரியமில்லை. தொழில்நுட்பமாகவும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், ரெண்டு மணி நேரம் என்று தண்ணீர் விடும்போது மிச்ச நேரம் குழாய் அழுத்தமில்லாமல் கிடக்கிறது. அழுத்தம் உள்ளே இருக்கும்வரை ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் போனால் வெளியே கிடக்கும் சாக்கடை உள்ளே போகும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் குழாயில் மோட்டாரை வைத்து உறிஞ்சினால் இன்னும் வேகமாகப் போகும். ஆகவே பற்றாக்குறைக் காலத்தில் தண்ணீர் குறைவதோடு நிற்பதில்லை, கெட்டும் போகிறது. சம்ப்பும் மேல்தொட்டியும் வடிகட்டும் கருவியும் இல்லாத வீட்டில்தான் அது வயிற்றுப்போக்காக வெளிப்படுகிறது. இதுவும் மீள்திறன் கணக்குதான். ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டில் எழுதப்படுவதால் வாரியத்தின் பேரேட்டில் ஏறுவதில்லை.

சரி, தண்ணீர் எங்கிருந்தாவது வந்துதானே ஆக வேண்டும். எங்கிருந்து வந்தது? 1960களின் கடைசியில் தொடங்கிக் கைவிடப்பட்ட முதல் வீராணம் திட்டத்துக்காகச் செய்த பிரும்மாண்டமான குழாய்கள் சாலையோரம் வருஷக்கணக்கில் கிடந்தன. வீடில்லாதவர்கள் அவற்றுக்குள் குடியிருந்தார்கள். தண்ணீர் வராத குழாய்க்குள் மனிதர்கள் வசித்த அந்தக் காட்சியை நமது நவீன கவிதை கைவிட்டது ஆச்சரியம்தான். 2004ல் புதிய வீராணம் வந்தது, நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். காவிரியின் கடைமடையில் இருக்கிற ஏரி அது. தனக்கே கடைசியாகத் தண்ணீர் வந்துசேருகிற ஒரு வட்டாரம் தலைநகருக்கு அனுப்புகிறது. 2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் வில்லிவாக்கம் வந்தது. அமைச்சர்கள் நின்று வரவேற்றார்கள். 52 கோடிக்கு முன்னால் 25 லட்சம் எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் அது தண்ணீரைவிடக் காட்சியாகத்தான் வந்தது என்று தெரியும். காட்சியில்லாமல் வந்தது லாரித் தண்ணீர். திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து இரவும் பகலும் இறைத்தது. கிணறு வைத்திருந்தவருக்கு நெல்லைவிடத் தண்ணீருக்கு நல்ல விலை கிடைத்திருக்கலாம். நடவும் களையும் நம்பியிருந்த கூலிக்காரப் பெண்ணுக்கு நடவும் இல்லை, களையும் இல்லை, தண்ணி விற்ற காசிலும் பங்கில்லை. அவளது குடிநீர்க் கிணறும் கீழே போய்விட்டது. மாநிலம் முழுவதற்குமாக 2003ல் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013ல் ரத்து செய்யப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடல்நீர் இருக்கிறதே என்பார்கள். மீஞ்சூரில் 2010லும் நெம்மேலியில் 2013லும் ஆலைகள் வந்துவிட்டன. நெம்மேலியில் இரண்டாவது ஆலை 2024ல் தொடங்கியது. மழையை நம்பாத தண்ணீர் என்பது உண்மை. ஆனால் மின்சாரத்தை நம்பிய தண்ணீர். உறிஞ்சும் கடல்நீரில் பாதிக்கும் குறைவாகத்தான் குடிநீராகிறது. மீதி கெட்டியான உப்புக் கரைசலாகத் திரும்பவும் கரையோரக் கடலுக்குப் போகிறது. அந்தக் கரையில் யார் படகு நிற்கிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

இலக்கியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த மறைத்தலில் விமர்சகர்களாகிய நமக்கும் பங்கிருக்கிறது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' 1970களின் தொடக்கத்தில் எழுதப்பட்ட நாவல். ஜமுனா, சாயா என்று இரண்டு சகோதரிகள், டீச்சரம்மா, சென்னையின் ஒரு தெரு, வறண்ட குழாய். இந்த நாவலைப் பற்றி வந்த கட்டுரைகளில் பெரும்பான்மை தண்ணீரை ஒரு குறியீடாகப் படித்தன. வறண்ட உறவுகள், வறண்ட மனசு, ஈரத்துக்கான ஏக்கம். தவறென்று சொல்ல முடியாது. ஆனால் தண்ணீரைக் குறியீடு என்று சொல்லிவிட்டால் அப்புறம் குடத்தைத் தூக்க வேண்டியதில்லை, பாருங்கள். அது எவ்வளவு வசதியான வாசிப்பு! நான் அதை நேர்ப்பொருளில் படிக்கச் சொல்கிறேன். ஒரு நகரத்தின் நீர் வழங்கல் உடைந்துபோகும்போது ஒரு பெண்ணின் நாள் எப்படித் துண்டு துண்டாக நறுக்கப்படுகிறது, தூக்கம், மானம், அக்கம்பக்கத்து உறவு எல்லாமே குழாய் நேரத்துக்கு எப்படிக் கட்டுப்படுகின்றன என்பதற்கு நம்மிடமிருக்கும் முதல்தரமான ஆவணம் அதுதான். வாரியத்தின் எந்த ஆண்டறிக்கையும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. கோமல் சுவாமிநாதனின் 'தண்ணீர் தண்ணீர்' நாடகம் சத்தமான பிரதி. 1981ல் பாலசந்தர் அதைப் படமாக எடுத்தபோது இன்னும் சத்தமானது. இருந்தாலும் அதில் ஒன்று இருக்கிறது. அத்திப்பட்டி ஜனங்கள் தாங்களே வாய்க்கால் வெட்டக் கிளம்பும்போது அரசாங்கம் வந்து தடுக்கிறது. இன்றைக்கு அதே அரசாங்கத்தின் காகிதங்களில் 'சமுதாயப் பங்கேற்பு' என்று எழுதியிருக்கிறது. நாற்பது வருஷத்தில் என்ன மாறியது? அப்போது மக்கள் வேலை செய்தால் குற்றம், இப்போது செய்யாவிட்டால் குற்றம்.

இங்கே நம்முடைய பக்கத்திலேயே சிலர் குறுக்கிடுவார்கள். வெள்ளைக்காரன் குழாய் போட்டதுதான் பிரச்சினை, நமது மரபில் ஏரி இருந்தது, குடிமராமத்து இருந்தது, ஊர் கூடித் தூர்வாரியது, அதுவல்லவா உண்மையான மீள்திறன் என்று. 2017ல் அரசே குடிமராமத்து என்ற பெயரில் திட்டம் தொடங்கியபோது இந்தக் குரல் இன்னும் பலத்தது. ஏரிகளின் தொழில்நுட்ப நுட்பத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஒன்றின் கலங்கல் நீர் அடுத்ததற்குப் போகும்படி அமைந்த சங்கிலி ஏரிகள் இன்றைய வெள்ளத் தடுப்பு இஞ்சினியருக்கும் பாடம்தான். கேள்வி அதைப் பற்றியதல்ல. ஊர் கூடியது என்றால் எந்த ஊர்? ராத்திரி மடையில் நின்று நீர் பாய்ச்சியவர்கள், கரை உடைந்தால் முதலில் இறக்கிவிடப்பட்டவர்கள் பல இடங்களில் சேரியைச் சேர்ந்தவர்கள். ஏரித் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்த நீர்க்கட்டிக்கு அந்தத் தண்ணீர் பாயும் நிலம் பெரும்பாலும் கிடையாது. ஊர்க் கிணற்றில் வாளி போடவும் முடியாது. மனமுவந்து செய்த சமுதாயப் பணி என்று சொல்லப்படும் குடிமராமத்தைச் செய்யவைக்க 1858லேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று போட வேண்டியிருந்தது. மனமுவந்த வேலைக்குச் சட்டம் எதற்கு? ஆக, ராக்ஃபெல்லர் ஆவணம் குடத்தை மறைக்கிறது என்றால் மரபுப் பெருமை மண்வெட்டியை மறைக்கிறது. இரண்டுக்கும் மொழி வேறு. எழுவாயை விழுங்கும் இலக்கணம் ஒன்றுதான்.

1978ல் அமைக்கப்பட்ட நம் வாரியத்தின் முழுப்பெயரில் பாதியைத்தான் நாம் சொல்கிறோம். மீதிப் பாதி கழிவுநீரகற்று வாரியம். வெள்ளம் வடிந்த பிறகு நகரம் மீள்வது அந்தப் பாதியில்தான். 2015 டிசம்பரில் வெளிமாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கில் துப்புரவுத் தொழிலாளர்கள் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பலர் கையுறைகூட இல்லாமல் அள்ளினார்கள். படகோட்டிய தன்னார்வலர்களைப் பற்றி எத்தனை கட்டுரை, எத்தனை காணொளி. இவர்களைப் பற்றி எத்தனை? சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் செத்தவர்களின் குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023ல் அதை முப்பது லட்சமாக்கியது. குழிக்குள் இறக்குவதைத் தடை செய்யும் சட்டம் 2013லேயே இருக்கிறது. தடை செய்யப்பட்ட சாவுக்கு விலை ஏறிக்கொண்டே போகிறது.

இனி வேங்கைவயல். அதற்கு முன்னால் ஓல்ட்ஸ்மார் என்ற ஊரைச் சொல்லிவிடுகிறேன், காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் சின்ன ஊர். 2021 பிப்ரவரியில் அதன் குடிநீர் நிலையக் கம்ப்யூட்டருக்குள் வெளியாள் யாரோ புகுந்து சோடியம் ஹைட்ராக்சைடின் அளவை நூறு மடங்குக்கும் மேல் கூட்டியதாகச் செய்தி வந்தது. வேலையில் இருந்தவர் உடனே பார்த்துக் குறைத்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஊழியரின் கைத்தவறாகவே இருந்திருக்கலாம் என்று அந்த நகரத்தின் முன்னாள் நிர்வாகியே 2023ல் சொன்னார். ஆனால் அதற்குள் உலகம் பூராவும் குடிநீர்ப் பாதுகாப்புப் பேச்சுகளில் ஓல்ட்ஸ்மார் நிரந்தர உதாரணமாகிவிட்டது. அமெரிக்காவில் 3,300 பேருக்கு மேல் தண்ணீர் கொடுக்கும் ஒவ்வொரு அமைப்பும் ஆபத்து மதிப்பீடும் மீள்திறன் மதிப்பீடும் செய்தாக வேண்டும் என்று 2018லேயே சட்டம் இருக்கிறது. நல்ல விஷயம்.

2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், தலித் குடும்பங்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. எந்தக் கருவியும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. குழந்தைகள் காய்ச்சலிலும் வாந்தியிலும் விழுந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவமனையில் சொல்ல, ஊர்க்காரர்கள் தொட்டிமேல் ஏறிப் பார்த்தார்கள். குழந்தைகளின் வயிறுதான் அங்கே தரப் பரிசோதனைக் கூடம். பிறகு அதிகாரிகள் வந்தபோது அந்தப் பகுதியில் இரட்டைக் குவளையும் கோயில் நுழைவுத் தடையும் இருப்பது வெளியே வந்தது. இரண்டு வருஷம் கழித்து, 2025 ஜனவரியில், சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதே ஊரைச் சேர்ந்த மூன்று தலித் இளைஞர்களின் பெயர் அதில் இருந்தது. ஊர் மக்களும் பல கட்சிகளும் இயக்கங்களும் அதை ஏற்கவில்லை. யார் செய்தார் என்று இந்தக் கட்டுரையில் நான் தீர்ப்பு எழுதப்போவதில்லை. நான் பார்ப்பது இதைத்தான்: யாருக்கும் ஒன்றும் ஆகாத ஓல்ட்ஸ்மார் நம் ஊர்ப் பயிலரங்குகளின் படக்காட்சி வரைக்கும் வந்துசேர்ந்துவிட்டது. வேங்கைவயலோ சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக, அரசியலாக, போலீஸ் விவகாரமாக மட்டுமே பேசப்படுகிறது. ஒரு குடிநீர் அமைப்பு தாக்கப்பட்டது என்று யாரும் எழுதுவதில்லை. புயல், வறட்சி, மின்வெட்டு, கம்ப்யூட்டர் திருட்டு என்று ஆபத்துப் பட்டியல் நீளுகிறது. சாதிக்கு அதில் ஒரு கட்டம் இல்லை.

கட்டம் போட்டால் அதில் எழுத நிறைய இருக்கிறது, அதுவும் வெறும் நீரியலாகவே. கிராமத்துக் குழாய், தொட்டியிலிருந்து தள்ளிப்போகப் போக அழுத்தம் குறையும். நடுவில் இருக்கிறவர் மோட்டார் போட்டால் கடைசிக் குழாய் இருமும், அவ்வளவுதான். காலனி கட்டப்பட்டிருப்பது பெரும்பாலும் ஊருக்கு வெளியே, அதாவது குழாயின் கடைசியில். பாசனத்தில் கடைமடை என்று சொல்கிறோமே, குடிநீரிலும் அதே கடைமடை. சாதி தூரமாக மாறுகிறது, தூரம் அழுத்தமாக மாறுகிறது, இஞ்சினியர் தன் மீட்டரில் அழுத்தத்தை மட்டும் பார்க்கிறார். 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின்படி கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நகரத்துக்கான விதிமுறையில் 135. குடக் கணக்கில் ஒன்று நாலு குடம்கூட இல்லை, மற்றது ஒன்பது குடம். இந்த நாலு குடமும் குழாய் வைத்த வீடுகளின் எண்ணிக்கையாகத்தான் அறிக்கையில் வருகிறது, வந்த தண்ணீராக அல்ல. "குழா இருக்குங்க, தண்ணிதான் இல்ல" என்று சொல்லக் கேட்காத ஊர் உண்டா?

நான் ஊர் ஊராகப் போகும்போது இப்போது மூன்று விஷயங்களைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். மேல்நிலைத் தொட்டி எந்தத் தெருவில் நிற்கிறது. வால்வு திறக்கிற டேங்க் ஆபரேட்டர் எந்தத் தெருக்காரர், சாவி ராத்திரி எந்த வீட்டில் இருக்கிறது. எந்தத் தெருவுக்கு முதலில் திறக்கிறார், கடைசித் தெருவுக்கு எத்தனை மணிக்கு, எத்தனை நிமிஷம். இதற்கு உலக வங்கிக் கடனும் தேவையில்லை, ஆலோசனைக் கம்பெனியும் தேவையில்லை; ஒரு நோட்டும் ஒரு கடிகாரமும் போதும். இதுவரை என் நோட்டில் பதினோரு ஊர்கள். இதழைப் படிக்கிற தோழர்கள் அவரவர் ஊரில், அவரவர் வார்டில் இந்த மூன்றையும் ஒரு வாரம் பார்த்து எழுதி அனுப்பினால் வரிசையாக அச்சிடலாம். நிமிஷக் கணக்கு தெருப் பெயரோடு இருக்கட்டும்.